சூப்பர்வைசரும் புகார் மனுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘கிரீவன்ஸ்’ (குறை) என்று தொழிலாளர்கள் எழுதிக் கொடுக்கும் மனுக்களை 18 வருஷம் வாங்கி ஃபைல் பண்ணியவன் நான். முதலில் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸ் (வருகைப் பதிவு அலுவலகம்), அப்புறம் ஒரு கார்மென்ட்ஸ் யூனிட்டில் ஹெச்.ஆர். தொழிலாளர்களும், புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களும், சின்ன யூனிட் நடத்துகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பதில்கள் நம்மூர் மில், கார்மென்ட்ஸ் நடைமுறையை வைத்து எழுதியவை.

புகார் எல்லாம் சம்பளம், லீவு, ஷிப்ட் பற்றித்தானே வருகிறது? இதில் சூப்பர்வைசர் எங்கே வந்தார்?

காகிதத்தில் அப்படித்தான் இருக்கும். ஒரே வாரத்தில், நூல் நூற்கும் ஒரே ரிங் பிரேம் டிபார்ட்மென்டில் நடந்த இரண்டு லீவுக் கதைகளைச் சொல்கிறேன்.

முதல் ஷிப்டில் மெஷினைப் பார்த்துக்கொண்டு அறுந்த நூலை ஒட்டும் ஒரு சைடர் அக்கா. அண்ணன் மகளுக்குக் காதுகுத்து, வெள்ளிக்கிழமை லீவு வேண்டும். சூப்பர்வைசர் சீட்டைக் கையில் வாங்கிப் படித்தார். “அன்னிக்கு ஏற்கெனவே மூணு பேர் லீவுங்க அக்கா. உங்களையும் விட்டா மெஷின் நின்னுரும். ரெண்டாவது ஷிப்டுக்கு மாத்தித் தர்றேன், காலையில விசேஷத்த முடிச்சுட்டு வந்துருங்க.” அக்கா முனகிக்கொண்டே போனார். லீவு கிடைக்கவில்லை, ஆனால் மனுவும் வரவில்லை.

அடுத்த ஷிப்டில், நூல் நிறைந்த பாபின்களை எடுக்கும் ஒரு டாஃபர் பையன். வீட்டுக்குத் தளம் போடுகிறார்கள், ஒரு நாள் லீவு. இந்த சூப்பர்வைசர் சீட்டைப் பார்க்கவே இல்லை. மேஜையில் போடச் சொன்னார், குடித்த டீ டம்ளரை அதன் மேல் வைத்தார். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. “சார், லீவு…” என்றதற்கு “பார்க்கலாம் போடா” என்று பதில். மூன்றாம் நாள் பையன் என் மேஜைக்கு ஒரு மனுவோடு வந்தான். ‘எனக்கு மட்டும் எப்போதும் நூல் அதிகம் அறுகிற மெஷின் தருகிறார்கள், வேலைப் பங்கீட்டில் பாரபட்சம்’ என்று எழுதியிருந்தது. லீவைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் மனுவின் பின்னால் அந்த லீவுச் சீட்டு குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது, நடுவில் வட்டமாக டீக்கறையோடு.

இரண்டு பேருக்கும் லீவு கிடைக்கவில்லை. ஒன்று அங்கேயே முடிந்தது, இன்னொன்று வேறு பெயரில் மனுவாக வந்தது. எழுத்தில் வருகிற குறை பெரும்பாலும் அதற்கு முன்பே வாயால் ஒரு தடவை சொல்லப்பட்டதுதான். அந்த முதல் தடவை சூப்பர்வைசர் என்ன செய்தார் என்பதைப் பொறுத்துதான் மிச்சக் கதை.

இதெல்லாம் உங்கள் அனுபவம். ஆய்வு ஏதாவது உண்டா?

உண்டு, பழைய ஆய்வே இருக்கிறது. 1962-இல் ஃபிளைஷ்மேன், ஹாரிஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், லாரி தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் 57 ஃபோர்மேன்களை (நம்மூர் சூப்பர்வைசர் மாதிரி) எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரின் கீழும் எத்தனை எழுத்துப் புகார் வந்தது, எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். கூடவே அந்த ஃபோர்மேன் எப்படிப்பட்டவர் என்று அவரிடம் வேலை செய்கிறவர்களிடமே கேட்டார்கள். அளந்தது இரண்டு குணங்களை. ஒன்று, ஆட்களை மதித்து, நம்பி, அனுசரித்து நடப்பது. இன்னொன்று, வேலையைக் கறாராகப் பிரித்துக் கொடுத்து, கெடு வைத்து, விரட்டி வாங்குவது.

மரியாதை குறைந்த இடத்தில் புகார் அதிகம். இதை யாரும் ஊகித்திருப்பார்கள். அடுத்ததுதான் விஷயம். மரியாதையாக நடக்கும் ஃபோர்மேன் எவ்வளவு கறாராக வேலை வாங்கினாலும் புகார் பெரிதாக ஏறவில்லை. மரியாதை இல்லாதவர் கறார்த்தனத்தைக் குறைத்துக்கொண்டாலும் புகார் குறையவில்லை. நடுத்தரமானவர்களிடம்தான் விரட்ட விரட்டப் புகார் ஏறியது.

“ஆள் கண்டிப்பானவர், அதான் புகார் வருது” என்று மேனேஜர்கள் சமாதானம் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த 57 பேர் ஞாபகம் வரும். கண்டிப்பு ஒரு சாக்கு. எங்கள் மில்லிலேயே மகா கண்டிப்பான ஒரு மேஸ்திரி இருந்தார். நூல் அறுந்து கிடந்தால் கத்துவார். ஆனால் யாருக்காவது காய்ச்சல் என்றால் அவரே கேட் பாஸ் எழுதி, பஸ் ஸ்டாண்டு வரை ஆள் அனுப்புவார். அவர் மேல் ஒரு மனுகூட வந்ததில்லை.

அந்த ஆய்வில் இன்னொன்றும் உண்டு. மரியாதையை ஓர் அளவுக்கு மேல் கூட்டினாலும் புகார் அதற்கு மேல் குறையவில்லை. மிச்சம் இருப்பவை சம்பளத்திலும் கம்பெனி விதியிலும் இருக்கிற உண்மையான குறைகள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அவற்றை சூப்பர்வைசர் சிரித்துப் பேசித் தீர்க்க முடியாது.

ஒரே சூப்பர்வைசர்தான். சிலர் அவரைத் தங்கம் என்கிறார்கள், சிலர் புகார் எழுதுகிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும். 1970-களில் ஜார்ஜ் கிரேன் முதலான ஆய்வாளர்கள் இதைத்தான் பிடித்தார்கள். ஒரு மேலாளர் தன் கீழே உள்ள எல்லாரிடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒவ்வொருவரோடும் தனித்தனி உறவு. சிலர் உள்வட்டம், சிலர் வெளிவட்டம். உள்வட்டத்துக்கு நல்ல வேலை, தகவல், சலுகை. வெளிவட்டத்துக்கு ரூல் புத்தகம். இது பிற்பாடு ‘லீடர்-மெம்பர் எக்ஸ்சேஞ்ச்’ என்ற பெயரில் பெரிய ஆய்வுத் துறையாகவே வளர்ந்தது.

நம் ஊரில் இதற்குப் பெயர் ‘வேண்டப்பட்ட ஆள்’. லைனில் யார் வேண்டப்பட்டவர் என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. ஓ.டி. (ஓவர்டைம்) லிஸ்டைப் பாருங்கள், யாருக்கு ஃபேனுக்குக் கீழே மெஷின் என்று பாருங்கள். ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே பஸ்ஸில் வருகிறவர் என்று அந்த வட்டம் அமைந்துவிட்டால் வெளியே நிற்பவருக்கு ஒவ்வொரு சின்ன விஷயமும் பாரபட்சமாகத்தான் தெரியும். பாதிக்கு மேல் உண்மையாகவும் இருக்கும்.

ஆகவே சூப்பர்வைசர் நல்லவரா கெட்டவரா என்று மொத்தமாகத் தீர்ப்பு எழுத உட்காராதீர்கள். மனு கொடுத்தவருக்கும் அவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

எங்கள் யூனிட்டில் இரண்டு வருஷமாக ஒரு புகாரும் இல்லை. நல்ல உறவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள். பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மேன் 1970-இல் சொன்ன கருத்து இங்கே உதவும். அதிருப்தி கொண்டவர் ஒன்று வாய் திறப்பார், இல்லை கிளம்பிப் போய்விடுவார். புகாரே இல்லாத யூனிட்டில் நான் முதலில் கேட்பது போன வருஷம் எத்தனை பேர் வேலையை விட்டு நின்றார்கள் என்பதைத்தான். மாதாமாதம் புது ஆட்களுக்கு டோக்கன் நம்பர் (வேலையாள் எண்) போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் புகார் வேறு வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

இதற்கு நம் பக்கத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அதன் பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், தொழிற்சாலை நிர்வாகத்தோடும் துணி வாங்கும் பன்னாட்டு பிராண்டோடும் 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ போட்டது. 25 தொழிலாளிக்கு ஒருவர் என்ற கணக்கில், யூனியன் தேர்ந்தெடுத்த தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாக இருந்தார்கள். தொந்தரவைப் பார்த்தால், கேட்டால் சொல்வது அவர்கள் வேலையாக இருந்தது. முதல் வருஷத்தில் 185 குறைகள் பதிவாயின. கிட்டத்தட்ட எல்லாமே தீர்ந்தன, பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள்.

185 என்ற எண்ணைப் பார்த்து “அய்யோ, இவ்வளவு புகாரா” என்று பதறுகிறவர்களுக்கு விஷயம் புரியவில்லை. சொன்னால் நடக்கும், சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகுதான் வாய் திறந்திருக்கிறார்கள்.

புகார்ப் பெட்டி வைத்திருக்கிறோமே?

எங்கே வைத்திருக்கிறீர்கள்? நான் பார்த்த ஒரு யூனிட்டில் பெட்டி சூப்பர்வைசர் மேஜைக்கு நேர் எதிரே தொங்கியது. பூட்டு துருப்பிடித்திருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டதற்கு ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தார்கள்.

சட்டப்படி என்ன ஏற்பாடு இருக்க வேண்டும்?

1958-இல் நைனிடாலில் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். அந்தக் காலத்தில் வகுத்த மாதிரிக் குறைதீர் முறையில் முதல் படி வாய்மொழி. தொழிலாளி நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் துறைத் தலைவர், மூன்று நாள். அப்புறம் குழு, ஏழு நாள். இது சட்டம் இல்லை, தாமாக ஏற்றுக்கொள்ளும் முறை. ஆனாலும் அதை எழுதியவர்களுக்கு ஷாப் ஃப்ளோர் தெரிந்திருக்கிறது. வாயால் சொன்னதற்கு இரண்டு நாளில் பதில் வந்தால் முக்கால்வாசிக் குறை அதோடு நின்றுவிடும்.

சட்டமாக வந்தது ரொம்பத் தாமதமாகத்தான். 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 2010-இல் திருத்தம் செய்து, 20 தொழிலாளர் இருந்தால் குறைதீர்ப்புக் குழு கட்டாயம் என்றார்கள். இப்போது அந்த இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. 20 பேர் என்பது அப்படியே. குழுவில் அதிகபட்சம் 10 பேர், இரு தரப்பும் சமம், தலைவர் பதவி வருஷத்துக்கு ஒரு தரப்பு என மாறி மாறி. பெண் தொழிலாளர் விகிதத்துக்குக் குறையாமல் குழுவில் பெண்கள் இருக்க வேண்டும். குறை ஏற்பட்ட ஒரு வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம், 30 நாளில் குழு முடிக்க வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றாலோ முடிவே வரவில்லை என்றாலோ 60 நாளுக்குள் சமரச அதிகாரியிடம் போகலாம். நம் ஆட்கள் பேச்சில் ‘லேபர் ஆபீஸ்’.

சட்டம் இருந்தும் சூப்பர்வைசர் கையில்தான் நிஜம் இருக்கிறது என்பதற்கு ஜவுளிக்கடை ஓர் உதாரணம். நின்றே வேலை செய்யும் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தமாகக் கொண்டுவந்தது. ஸ்டூல் வந்துவிட்டது. ஆனால் ஃப்ளோர் சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்த்தால் எந்தப் பெண் அதில் உட்காருவார்?

குறையே சூப்பர்வைசர் மேல்தான். அவரிடமே போய்ச் சொல்லச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

அவரைத் தாண்டிப் போங்கள். படிப்படியாகப் போக வேண்டும் என்ற முறை, படியில் நிற்பவரே பிரச்சினை என்றால் பொருந்தாது. இது நமக்குப் புதிதும் இல்லை. இலங்கை, மலாயா தோட்டங்களில் ஆள் சேர்த்தவரும் கங்காணிதான், முன்பணம் கொடுத்துக் கடனாளி ஆக்கியவரும் அவர்தான், வேலை வாங்கியவரும் அவர்தான். துரையிடம் குறை சொல்ல வேண்டும் என்றாலும் அவர் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழியில் எந்தக் குறை போய்ச் சேர்ந்திருக்கும்?

பாலியல் தொந்தரவு என்றால் சாதாரணக் குறைதீர்ப்பு வழியே வேண்டாம். 2013-ஆம் வருஷச் சட்டப்படி 10 பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் பெண் தலைமையில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். சின்ன யூனிட், குழு இல்லை என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. “நாங்களே பேசி முடிச்சுக்கறோம்” என்று டீக்கடையில் பஞ்சாயத்து வைக்க வருபவர்களை நம்பாதீர்கள்.

மனு எப்படி எழுத வேண்டும்?

என்ன நடந்தது என்று எழுதுங்கள். ‘கொடுமைப்படுத்துகிறார்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ‘12-ஆம் தேதி, இரண்டாவது ஷிப்ட், 4-ஆம் லைனில், பத்துப் பேர் முன்னால் இன்ன வார்த்தை சொன்னார்’ என்றால் யாரும் தட்டிக் கழிக்க முடியாது. முன்பே வாயால் சொல்லியிருந்தால் எந்தத் தேதியில், யாரிடம் என்பதையும் சேருங்கள். பெயர், டோக்கன் நம்பர், தேதி, கையெழுத்து. நகல் ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்காமல் அசலைக் கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஸ்கிரீன்ஷாட்.

மனு கொடுத்த பிறகு பழிவாங்கினால்?

வாங்குவார்கள். மெஷின் மாறும், ஓ.டி. நிற்கும், இதுவரை கண்டுகொள்ளாத அஞ்சு நிமிஷத் தாமதத்துக்கு மெமோ வரும். என் ஃபைல்களில் முதல் மனுவைவிட, அதற்கு அடுத்த மாதத்தில் அதே ஆள் கொடுத்த இரண்டாவது மனுதான் கனமாக இருக்கும். மெமோ வந்தால் கோபத்தில் கிழிக்காமல் பதில் எழுதுங்கள், முந்தைய மனுவின் தேதியைக் குறிப்பிடுங்கள். இரண்டு தேதியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலே பாதிக் கதை புரிந்துவிடும். விவகாரம் சமரச அதிகாரி முன் நிலுவையில் இருக்கும்போது, அது சம்பந்தமான வேலை நிபந்தனைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக நிர்வாகம் இஷ்டத்துக்கு மாற்றச் சட்டம் விடாது.

ஒரு வாய்த்தகராறு அவ்வளவு பெரிதாகிவிடுமா?

ஹரியானா மானேசர் மாருதி ஆலையில் 2012 ஜூலை 18 அன்று ஒரு தொழிலாளிக்கும் சூப்பர்வைசருக்கும் தகராறு. சாதி சொல்லித் திட்டினார் என்றது ஒரு தரப்பு, சூப்பர்வைசரை அடித்தார் என்றது மறு தரப்பு. அந்தத் தொழிலாளியை சஸ்பெண்ட் செய்தார்கள். சாயங்காலம் ஆலை எரிந்தது, மனிதவளப் பொது மேலாளர் இறந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தார்கள். 2017 தீர்ப்பில் 13 பேருக்கு ஆயுள் தண்டனை, 117 பேர் விடுதலை. அந்த ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளர், யூனியன் அங்கீகாரம் என்று ஏற்கெனவே ஒரு வருஷமாகப் புகைந்துகொண்டிருந்தது. ஒரு சண்டையால் மட்டும் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அன்றைய நாள் தொடங்கியது அந்தத் தகராறில்தான்.

நான் புதிதாக சூப்பர்வைசர் ஆகியிருக்கிறேன். என்ன செய்ய வேண்டும்?

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். நேற்று வரை நல்ல டெய்லர். கை சுத்தம் என்று இன்று சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். ஆட்களை எப்படி நடத்துவது என்று அரை நாள்கூடச் சொல்லித் தரவில்லை. போர்டில் மணிக்கு இத்தனை பீஸ் என்று எழுதியிருக்கிறது. குறைந்தால் ஃப்ளோர் இன்சார்ஜ் உங்களைக் கத்துவார், நீங்கள் லைனைக் கத்துவீர்கள். கத்தல் மேலிருந்து கீழே இறங்கும், புகார் கீழிருந்து மேலே ஏறும்.

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். யாராவது ஏதாவது கேட்டால் அவர் கண்ணெதிரே எழுதிக்கொள்ளுங்கள். ‘புதன்கிழமை சொல்றேன்’ என்றால் புதன்கிழமை சொல்லுங்கள், ‘முடியாது’ என்பதுதான் பதில் என்றாலும். முடியாது என்றால் ஏன் என்று ஒரு வரி. தப்பைச் சுட்டிக்காட்ட அவர் மெஷினுக்கு நீங்கள் போங்கள். நடு லைனில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். வயதில் மூத்தவர்களை ‘வா, போ’ என்று பேச உங்களுக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. ஓ.டி.யும் கஷ்டமான மெஷினும் சுற்றில் வரட்டும், அந்தச் சுற்று எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டுங்கள். ஒட்டிய அன்றே உங்கள் வேண்டப்பட்ட ஆட்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

சூப்பர்வைசருக்கே குறை இருந்தால்?

இதை யாரும் கேட்பதில்லை, அவர்களே கேட்கும் வரை. மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் புதிய சட்டத் தொகுப்பில் ‘தொழிலாளி’ கணக்கில் வரமாட்டார். குறைதீர்ப்புக் குழு அவருக்கு இல்லை. யூனியனிலும் பெரும்பாலும் இடம் இருக்காது, மேனேஜர்கள் மேஜையிலும் நாற்காலி இருக்காது. தன் பேச்சை யாரும் கேட்காத ஆள் அடுத்தவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்பது கஷ்டம்தான். அவருக்கும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேச ஓர் இடம் கொடுங்கள். கேன்டீனில் ஒரு டீயோடு என்றாலும் சரி.

புகார் வருகிற சூப்பர்வைசரை மாற்றிவிட்டால் பிரச்சினை முடிந்துவிடுமா?

உடனே முடியாது. முதலில் புகார் அதிகமாகும்.

டீக்கறை சூப்பர்வைசரை வேறு டிபார்ட்மென்டுக்கு மாற்றினார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் சாதுவான மனிதர். வந்த இரண்டு மாதத்தில் அந்த ஷிப்டிலிருந்து மட்டும் ஒன்பது மனு. அவர் கலங்கிப்போய் டைம் ஆபீஸுக்கே வந்துவிட்டார். “என்னங்க இது, நான் வந்த நேரமே சரியில்லையா?”

ஃபைலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு மனுவிலும் குறை தொடங்கிய தேதியை விரலால் காட்டினேன். ஏழு மனுவில் அவர் வருவதற்கு முந்தைய தேதி. ஒன்று, 11-ஆம் மெஷின் பக்கம் சுற்றாத ஃபேனைப் பற்றி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நின்றது. அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அப்புறம் எழுந்துபோய் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்.